டிஸ்க் பிதுங்கல், டேபிள் மனப்பாடம், ஒரு குண்டூசி

நியூராலஜி ரிவிஷன்னா நம்ம ஹாஸ்டல்ல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவோம். அப்புறம் யாரோ ஒரு சீனியரோட நோட்ஸ் வந்து சேரும். அதுல ஒரு டேபிள். இடது பக்கம் வெபர், வாலன்பெர்க், பிரவுன் செக்கார்டுன்னு என்னைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரங்க பேரு. வலது பக்கம், "மூஞ்சி இந்தப் பக்கம், கை கால் அந்தப் பக்கம்". ராத்திரி ரெண்டு மணிக்கு டீயக் குடிச்சுட்டு மனப்பாடம். கூடவே எம்.சி.க்யூ. முன்னூறு. முடிஞ்சுது நியூராலஜி.

இதுக்குப் பேரு படிப்பே இல்லைங்கறதுதான் என் கட்சி. திட்டறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

முதல்ல நடந்த ஒரு விஷயம். மெடிசின் போஸ்டிங் அப்போ வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க. நாற்பது வயசைத் தாண்டியிருக்கும், களையெடுக்கிற வேலைக்குப் போறவங்க. "ரெண்டு காலும் மரத்துப் போச்சு சார், மூணு வாரமா." ஏற்கனவே வேற ஒரு இடத்துல காட்டியிருக்காங்க. கையில பெரிய கவர், அதுக்குள்ள இடுப்புப் பகுதிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. எல்4 - எல்5 டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், ரெஸ்ட். கால் வரலையா, இடுப்பைப் பாரு. இடுப்பா, டிஸ்க். அவ்வளவுதான் லாஜிக்.

நாங்க ஆறு பேரு. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, ஆமாமா டிஸ்க்னு தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். அன்னைக்குக் காலையில மெஸ்ல இட்லி சாப்பிடறப்ப பிரவுன் செக்கார்டை மூச்சு விடாம ஒப்பிச்சவன் நான்.

அப்புறம் பி.ஜி. அக்கா ஒருத்தர் வந்தாங்க. கவரைத் தொடவே இல்லை. "மரத்துப் போச்சுன்னா எப்படிம்மா? கிள்ளினா தெரியலையா, இல்ல காலைத் தூக்க முடியலையா?"

"ரெண்டும்தான் தாயி. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல. வயித்துக்கு மேல யாரோ கயித்தால இறுக்கிக் கட்டினாப்ல இருக்கு. ரெண்டு நாளா ஒண்ணுக்கு வேற சரியாப் போகல."

சுத்தியலால முட்டியில தட்டினா கால் எகிறுது. பாதத்தை ஒரு வெட்டு மேல தள்ளிப் பிடிச்சா அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கு. உள்ளங்காலைக் கீறினா கட்டைவிரல் மேல போகுது. கடைசியா ஒரு குண்டூசி. பாதத்துல ஆரம்பிச்சு மேல மேல வந்தாங்க. மார்புக்குக் கொஞ்சம் கீழ வந்ததும் அந்தம்மா, "இப்பதான் சுருக்குங்குது"ன்னாங்க. மொத்தம் பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. பெரியவங்களுக்குத் தண்டுவடம் எல்1 எலும்பு பக்கத்துலயே முடிஞ்சுடுது. அதுக்குக் கீழ இருக்கிறது வெறும் நரம்பு வேர்க் கொத்து. எல்4 - எல்5ல டிஸ்க் எவ்வளவு பிதுங்கினாலும் அது வேரைத்தான் அமுக்கும். வேர் கெட்டா ரிஃப்ளெக்ஸ் குறையணும், எகிறக் கூடாது. கட்டைவிரல் மேல போறதுக்கு வாய்ப்பே இல்லை. ஸோ கோளாறு எல்1க்கு மேல. கை ரெண்டும் நல்லா இருக்கு, அதனால கழுத்துக்குக் கீழ. குத்து தெரிய ஆரம்பிச்ச இடம் டி6 பக்கம். தண்டுவடத்தோட ஆறாவது மார்புப் பகுதி ஆறாவது எலும்புக்கு நேரா இருக்காது, சுமார் ரெண்டு எலும்பு மேல இருக்கும். அப்ப பார்க்க வேண்டியது டி4, டி5. மறுபடி எம்.ஆர்.ஐ., இந்தத் தடவை முதுகுக்கு. டி4 - டி5ல டி.பி., சீழ் தண்டுவடத்தை அமுக்கிட்டிருக்கு.

முதல் ஸ்கேன் பொய் சொல்லலைங்க. கேட்ட இடத்தை ஒழுங்கா எடுத்துக் கொடுத்துது. கேட்ட இடம்தான் தப்பு. அந்தம்மா முதல் தடவை டாக்டரைப் பார்த்தப்ப பிடிச்சுப் பிடிச்சு நடந்துட்டு இருந்தாங்க. எங்க வார்டுக்கு ஸ்ட்ரெச்சர்ல வந்தாங்க. டி.பி. மருந்து ஆரம்பிச்சு, ஆபரேஷனும் நடந்துது. எங்க போஸ்டிங் முடியறப்ப இன்னும் கதீட்டரோடதான் படுத்திருந்தாங்க.

முதல்ல பார்த்த டாக்டரைத் திட்டறதுக்கு இதை எழுதலை. அவரும் நம்மள மாதிரி அதே டேபிளைப் படிச்சுத்தான் பாஸ் பண்ணியிருப்பாரு. அந்த டேபிள்ல "கால் வரலைன்னு ஒருத்தர் வந்தா எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது"ன்னு ஒரு வரி கூடக் கிடையாது. வியாதி பேருலருந்து அறிகுறிக்குப் போறதுதான் அதோட திசை. பேஷன்ட் எதிர்த் திசையில வர்றாங்க.

1994லயே ஜோசஃபோவிச்னு ஒரு அமெரிக்க நியூராலஜிஸ்ட் இந்தப் பயத்துக்கு நியூரோஃபோபியான்னு பேரு வெச்சுட்டாரு. அடிப்படையாப் படிச்ச நரம்பு விஷயங்களைப் பேஷன்ட்கிட்ட பொருத்திப் பார்க்கத் தெரியாததுதான் காரணம்னும் சொன்னாரு. முதல் வருஷம் அனாட்டமியில தண்டுவடத்தைக் குறுக்கா வெட்டி கலர் பென்சில்ல படம் வரைஞ்சோமே, அது ஃபைனல் இயர்ல எங்க போச்சு? அந்தப் படத்தை மனசுல வெச்சிருந்தா பிரவுன் செக்கார்டை மனப்பாடமே பண்ண வேண்டாம். வலி, சூடு கொண்டு போற பாதை தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச தூரத்துலயே எதிர்ப்பக்கம் தாண்டிடும். அதிர்வு, மூட்டு நிலை கொண்டு போறது அதே பக்கமா மேல போய் மெடுல்லாவுலதான் தாண்டும். பாதியை வெட்டினா என்னாகும்னு நாமளே சொல்லிடலாம்.

அடுத்து, நோட்ஸ்ல வராத இன்னொண்ணு. நம்ம பேஷன்ட் பேசறது தமிழ்ல. நாம படிக்கறது இங்கிலீஷ்ல. நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, அதுல நிறைய பேர் விழறோம். "மரத்துப் போச்சு"ன்னு சொன்ன உடனே உணர்ச்சி இல்லைன்னு கேஸ் ஷீட்ல எழுதிடறோம். நிறைய பேர் அதைச் சொல்றது பலமில்லைங்கற அர்த்தத்துல. "மதமதப்பு" வேற, "எரிச்சல்" வேற, "பஞ்சு மேல நடக்கற மாதிரி" வேற. நல்ல பி.ஜி.க்கள் கேக்கற கேள்விங்களை ஒரு நாள் பக்கத்துல நின்னு கேளுங்க. சம்மணம் போட்டு உட்கார்ந்தா எழுந்திருக்க முடியுதா? (தொடை, இடுப்பு.) கொடியில துணி காயப்போட முடியுதா? (தோள்.) சோறு பிசைய முடியுதா, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதா? (விரல்.) முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினா தள்ளுதா? (மூட்டு நிலை தெரியலை.) செருப்பு கழண்டுட்டா, தெரிஞ்சு கழலுதா தெரியாமக் கழலுதா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெரிஞ்சு கழண்டா பாதத்துல பலமில்லை, தெரியாமலே கழண்டா உணர்ச்சி இல்லை. ஒரு ஹவாய் செருப்பை வெச்சுப் பாதிப் பரிசோதனை முடிஞ்சுது! இதெல்லாம் எந்தக் கேள்வி வங்கியிலயும் கிடையாது.

"அதான் எம்.ஆர்.ஐ. இருக்கே மாப்ள, எதுக்கு இவ்வளவு சுத்தியல் தட்டிக்கிட்டு"ன்னு ஒரு குரூப் இருக்கு. அவங்களுக்குத் தலைசுத்தலை உதாரணமாச் சொல்றேன். 2009ல அமெரிக்காவுல கட்டாவும் அவர் கூட இருந்தவங்களும், விடாம தலை சுத்தி வந்த 101 பேரைப் பார்த்தாங்க. மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருந்தவங்கள்ல சுமார் 12 சதவீதம் பேருக்கு முதல்ல எடுத்த எம்.ஆர்.ஐ. ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுச்சு. கண்ணை மட்டும் மூணு விதமாப் பார்க்கற பரிசோதனை அத்தனை பேரையும் பிடிச்சுது. (பார்த்தவங்க கைதேர்ந்தவங்க, அதையும் சொல்லிடறேன். சுத்தல் நிக்காம இருக்கறவங்களுக்கு, கண்ணும் ஆடிட்டு இருந்தாத்தான் இது செல்லும்.)

இதுல ஒரு வேடிக்கை. மூணுல ஒண்ணு, பேஷன்ட்டை நம்ம மூக்கைப் பார்க்கச் சொல்லிட்டுத் தலையைச் சட்டுனு திருப்பறது. காது நரம்பு கெட்டிருந்தா கண்ணு வழுக்கிப் போய்த் திரும்ப வரும். பெரும்பாலான ஸ்ட்ரோக்ல கண்ணு அப்படியே நிக்கும். அதாவது, பார்க்க நார்மலா இருந்தாத்தான் நாம பயப்படணும். ஏன்னு புரியாம டேபிளா மனப்பாடம் பண்ணினவன் இந்த இடத்துல பேஷன்ட்டை வீட்டுக்கு அனுப்பிடுவான்.

சரி, பெரிய எதிர்வாதம் ஒண்ணு இருக்கு. "நீட் பி.ஜி.ல 200 கேள்வி, தப்பானா மைனஸ். சீட்டு கிடைக்கலைன்னா உன் செருப்பு ஆராய்ச்சியை வெச்சு என்ன பண்றது?" நியாயமான கேள்வி, சிரிச்சுத் தள்ள மாட்டேன். வீட்டுல கடன் வாங்கிப் படிக்க வெச்சிருக்காங்க, எனக்கும் சீட்டு வேணும். ஆனா அந்தக் கேள்விங்கள்ல நிறைய இப்பல்லாம் ஒரு பேஷன்ட் கதையாத்தான் வருது. வயசு, எத்தனை நாளா, எந்தப் பக்கம். எங்கே, என்னன்னு யோசிக்கத் தெரிஞ்சவனுக்கு டேபிள் மறந்தாலும் விடை வரும். டேபிள் மட்டும் வெச்சிருக்கறவனுக்கு ஒரு வரி மறந்தா நாலு ஆப்ஷனும் ஒரே மாதிரி தெரியும். (எனக்குத் தெரிஞ்சிருக்கு.) தவிர, மனப்பாடமே கூடாதுன்னு நான் சொல்லலை. கணுக்கால் எஸ்1-2, முட்டி எல்3-4, பைசெப்ஸ் சி5-6, டிரைசெப்ஸ் சி7-8ன்னு ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் எண்ணற அந்தப் பழைய வாய்ப்பாடு எனக்குத் தினமும் உதவுது. இடத்தைக் கண்டுபிடிக்க உதவற மனப்பாடம் அது.

நான் இப்ப பண்றது இதுதான். சாயங்காலம் வார்டுல கூட்டம் குறைஞ்சதும் ஒரே ஒரு பேஷன்ட். கேஸ் ஷீட்டைத் திறக்கறதில்லை. வெள்ளைத் தாள்ல முதல்ல எத்தனை நாள்ல வந்துதுன்னு எழுதுவேன். நிமிஷத்துல வந்தா ரத்தக்குழாய், வாரக்கணக்குல வந்தா அமுக்கமோ டி.பி.யோ, வருஷக்கணக்குல வந்தா தேய்மானம், தோராயமாத்தான். அப்புறம் எங்கேன்னு ஒரே ஒரு இடம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதுக்கப்புறம்தான் ஸ்கேன் கவர். இதுவரைக்கும் எழுதினதுல பாதிக்கு மேல தப்பு. ஒவ்வொரு தப்பும் எந்தப் பெட்ல, எந்த ஜன்னல் பக்கத்துலன்னு ஞாபகம் இருக்கு.

டிஸ்கி: குண்டூசியை ஒருத்தருக்குக் குத்தினதும் தூக்கிப் போட்டுடுங்க. ஓவர் கோட் காலர்ல சொருகி வெச்சு அடுத்த பெட்டுக்கும் அதையே எடுத்துட்டுப் போற பழக்கம் நம்ம பேட்ச்ல இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கு. யாருன்னு அவங்களுக்கே தெரியும்.