ஓடச் சொல்கிறார்கள், எங்கே ஓடுவது?

தில்லி சரோஜினி நகர் சந்தையில் மாணவர் கூட்டம் இல்லாத மாலைப்பொழுது அரிது. ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளைக் குவித்து விற்கும் அக்கடைகளில் டிராக் பேண்ட்டைப் பேரம் பேசி வாங்கிச் செல்லும் கல்லூரிப் பெண்களை அடிக்கடி காண்கிறேன். அது மலிவாகக் கிடைத்துவிடுகிறது. அதை அணிந்து ஓடுவதற்கு இடம்தான் கிடைப்பதில்லை.

‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைப் பிரதமர் 2019 ஆகஸ்ட் 29 அன்று இதே தில்லியில் தொடங்கி வைத்தார். புதிய கல்விக் கொள்கையின் பெயரால் 2022இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் திணித்த தில்லி பல்கலைக்கழகம், மதிப்புக்கூட்டுப் பாடங்களுள் ஒன்றாக அப்பெயரையும் சேர்த்துக்கொண்டது. உடல்நலத்திற்கு இப்போது மதிப்பெண் உண்டு!

வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்த அளவை எட்டவில்லை என்று 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு கூறியது. ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. இந்த இடைவெளியைச் சோம்பலின் கணக்கில் எழுதிவிட முடியுமா? மாலை இருட்டியதும் மாணவியரை உள்ளே வைத்துப் பூட்டும் விடுதி விதிகளை எதிர்த்துத்தானே 2015இல் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் இந்நகரில் எழுந்தது? அதில் பங்கேற்ற பெண்கள் கேட்டது இரவில் தெருவில் அச்சமின்றி நடக்கும் உரிமையை. விடுதியில் இடம் கிடைக்காத பெரும்பாலோரின் நிலையோ இதனினும் மோசம். வாடகை அறையின் கட்டிலே அவர்களுக்குப் படிப்பறை, உணவறை எல்லாம்.

நடப்பதற்கு இருந்த நிழலையும் அரசு விட்டுவைக்கவில்லை. புல்வெளியும் வேப்பமரமும் சூழ்ந்த அரசு ஊழியர் குடியிருப்பாக இருந்த சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து, வணிகப் பரப்பை விற்றுச் செலவை ஈடுகட்டும் ‘மறுசீரமைப்பு’க்காக 16,000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட முனைந்தார்கள். 2018 ஜூனில் மக்கள் இங்கே மரங்களைக் கட்டித் தழுவி நின்றார்கள். உயர்நீதிமன்றம் வெட்டுவதற்குத் தடை விதித்தது. பின்னர் திட்டத்தைத் திருத்திக்கொண்டு கட்டுமானத்தைத் தொடர்ந்தார்கள்.

எஞ்சியது காற்று. 2024 நவம்பரில் நச்சுப்புகை சூழ்ந்தபோது தில்லி பல்கலைக்கழகமும் ஜேஎன்யுவும் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றின. வெளியே மூச்சு விடாதே என்பதும் வெளியே வந்து ஓடு என்பதும் ஒரே அரசின் அறிவுரைகள்.

‘நலமேம்பாடு’ என்ற சொல்லை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். இன்றைய அதிகாரிகள் கையில் அதற்குத் ‘தனிமனிதனுக்கு உபதேசம்’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஆனால் அச்சொல்லை உலக அரங்கில் நிலைநிறுத்திய 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம், பொதுக்கொள்கையையும் நலம் தரும் சூழலையும் முதலில் வைக்கிறது. தனிமனிதத் திறன் அதன் பின்னரே வருகிறது. வரிசையைத் தலைகீழாக்கினால் செலவு மிச்சம், பழியும் மாணவர் தலையில்.

ஆகவே மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டியவை எளியவை. எல்லாக் கல்லூரி மைதானங்களும் விளக்கொளியுடன் இரவு வரை மாணவியருக்கும் திறந்திருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியர்களை நிரந்தரமாக நியமிக்கட்டும். புதிய விடுதிகளைப் பொதுநிதியிலிருந்து கட்டட்டும். அதன்பிறகு மதிப்பெண் போடலாம்.