சுஹைலியா, ஜோஷுவாவா?

நெடும்பயணத்திற்கு ஏற்ற பாய்மரப் படகு எது என்று பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் வேகத்தில் போய் நின்றுவிடுகிறது. தனியொருவராக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் 1968-ஆம் ஆண்டுப் போட்டியில் இறங்கிய இரு படகுகளை ஒப்பிட்டால் வேறோர் அளவுகோல் கிடைக்கிறது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலி மும்பையில் தேக்கால் கட்டப்பட்டது. 32 அடி நீளம். மெதுவாகவே சென்றாலும் 312 நாட்களில் சுற்றி முடித்து, 1969 ஏப்ரலில் வென்றது. பெர்னார் மொய்தேசியேயின் ஜோஷுவா எஃகுப் படகு. அதைவிடப் பெரியது, விரைவானது. அவரோ பரிசைத் துறந்து தாஹிதிக்குச் சென்றுவிட்டார்.

இருப்பினும் என் தேர்வு ஜோஷுவாவே. சுஹைலியின் பலகை இடுக்கில் நீர் கசிந்தபோது நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் மூழ்கி, பருத்தி திணித்துச் செப்புத் தகடு அறைய நேர்ந்தது. ஜோஷுவா சரக்குக் கப்பலோடு மோதியபோது அதன் முன்கம்பம் வளைந்ததேயன்றி ஒடியவில்லை. மொய்தேசியே கப்பியும் கயிறும் கொண்டு மேல்தளத்தில் நின்றபடியே அதை நிமிர்த்தினார். 1982-இல் மெக்சிகோக் கரையில் புயல் ஜோஷுவாவை மணலில் எறிந்தது. அதன் பின்னும் அது மீண்டு, பிரான்சின் லா ரொஷேல் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

எஃகு துருப்பிடிக்கும்; ஓயாமல் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். அந்த உழைப்பைத் துறைமுகத்தில் செய்துகொள்ளலாம். தேக்கின் கசிவோ நம் வசதிக்காகக் காத்திராது.

ஆகவே, படகு தேடுவோர் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: கரை தெரியாத இடத்தில் பழுதுபட்டால், தனியாளாக என்னால் இதைச் செப்பனிட முடியுமா? வேகத்தைப் பிறகு பேசலாம்.