பெட்டிக்குள் எந்தத் தலைமுறை?

ஜப்பானில் ஓடிப் பழகிய கார்கள் பல இன்று பதுளை, பண்டாரவளை வீதிகளிலும் பசறைத் தோட்டப் பாதைகளிலும் செல்லக் காண்கிறோம். அவற்றுட் சிலவற்றில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று பொறித்த பொத்தான் ஒன்றுண்டு. இடர் நேர்ந்தால் அதனை அழுத்தினாற் போதும் என்று நம்பும் குடும்பங்களும் உள. அந்நம்பிக்கை தகுமா என ஆராய்வோம்.

பொத்தானின் பின்னே தொழிற்படுவது டெலிமேட்டிக்ஸ் பெட்டி. அது செயற்கைக் கோள்களின் துணையால் கார் நிற்கும் இடத்தை அறிந்து, கையடக்கத் தொலைபேசியைப் போலவே கோபுரத்தின் வழியாகச் செய்தி அனுப்பும். தொலைபேசிக்குள்ள 2ஜி, 3ஜி, 4ஜி என்னும் தலைமுறைகள் இதற்கும் உண்டு. ஒரு தலைமுறையின் சேவை நின்றால் அதனை நம்பிய பெட்டி ஊமையாகிவிடும். ஜப்பானின் கே.டி.டி.ஐ. நிறுவனம் 2022 மார்ச் 31 இல் 3ஜி சேவையை நிறுத்தியபோது, டொயோட்டாக் கார்களின் பழைய பெட்டிகள் அக்கதியையே அடைந்தன.

காரின் வயதைக் கொண்டு பெட்டியின் வயதைத் துணியலாகாது. அமெரிக்காவில் ஓடிய முதற்கால நிசான் லீஃப் கார்களில் 2ஜி பெட்டியே இருந்தது. பின்னர் சிலர் 3ஜி பெட்டி மாற்றிக்கொண்டனர். ஒரே ஆண்டுக் காரில் இருவகைப் பெட்டி!

பின் எவ்வாறு அறிவது? பெட்டி பெரும்பாலும் முகப்புப் பலகைக்குப் பின்னே மறைந்திருக்கும். அதில் ஒட்டிய சீட்டிலே உதிரிப்பாக இலக்கத்தைக் காணலாம். 15 இலக்கங்கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருப்பின், அதன் முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையைக் காட்டும். மென்பொருட் பதிப்பை அறியக் கராஜிலுள்ள சோதனைக் கருவி உதவும்.

பெட்டி புதிய தலைமுறையினதாயினும் ஐயம் தீராது. ஜப்பானுக்கென ஆக்கிய பெட்டி ஜப்பானிய உதவி நிலையத்தையே நாடும். பதுளை மலைச்சரிவில் அதன் குரலைக் கேட்பார் யார்?

2025 செப்டெம்பர் 4 ஆம் நாள் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. இத்தகைய பாதைகளிற் செல்வோர் பொத்தானை நம்பாது, 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையின் எண்ணை நெஞ்சிற் பதித்தல் நன்று. நிற்கும் இடத்தைப் பெட்டி சொல்லாது, நாமே சொல்லவேண்டும். ஆகவே வழியிலுள்ள தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், கிலோமீற்றர் கல்லின் இலக்கம் ஆகியவற்றைக் கவனித்துச் செல்லச் சிறுவர்க்கும் பழக்குவோமாக.