பல்லும் குடிநீரும்

நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, திருப்பூர்த் தொழிலாளர் குடும்பங்களின் பற்களைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பல்வலி கண்ட தொழிலாளி அன்றையக் கூலியை இழக்கிறான். இரவெல்லாம் உறங்காத அவன் குழந்தை மறுநாள் பள்ளியில் பாடம் கேட்பதில்லை. பொது ஜன சுகாதாரத்தை விருத்தி செய்வது ராஜ்யத்தின் முதன்மையான கடமைகளுள் ஒன்று என்று நமது அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு விதிக்கிறது. ஆகையால் இதுவும் ராஜீய விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

பல் எவ்வாறு கெடுகிறது? பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு உழைப்பவர்களுக்குப் பசி தணிப்பது பெரும்பாலும் சர்க்கரை மிகுந்த தேநீரும் பன்னுமே. வாயில் வாழும் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதை மீண்டும் படியச் செய்கிறது. படிவதைவிடக் கரைவது மிகுந்தால் சொத்தை விழுகிறது. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு கலந்திருந்தால் கரைவது குறைகிறது. கரைந்ததும் விரைவில் திரும்பிப் படிகிறது. அவ்வாறு படிந்த எனாமல் அமிலத்தை முன்னிலும் நன்றாகத் தாங்குகிறது. இந்த நன்மை பெரும்பாலும் புளோரைடு பல்லின் மேல் படுவதால் விளைவதேயன்றி, அதை விழுங்குவதால் விளைவதன்று.

1945-ம் வருஷம் அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரம் தன் குடிநீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் புளோரைடைச் சேர்க்கத் தொடங்கியது. அதன் பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தைப் பல் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே, 1937-ல், அந்நாளையச் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இதே புளோரைடு கிணற்று நீரில் மிகுந்து, மக்களின் பற்களைக் கறையாக்கி, முதுகெலும்பை விறைக்கச் செய்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருந்தார்கள். பொருள் ஒன்றே, அளவுதான் வேறு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு.

நமக்கு அருகிலேயே தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல ஊர்களின் நிலத்தடி நீர் இந்த வரம்பை மீறியது. அங்கே காவிரி நீரைக் கொண்டு செல்வதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் திட்டம் 2013-ல் நிறைவேறியது. ஆகவே, நீரில் புளோரைடைக் கலக்க வேண்டும் என்று நம் நாட்டில் கோருவது விவேகமாகாது.

திருப்பூரின் நிலை என்ன? பவானி ஆற்று நீரை இங்கே 'நல்ல தண்ணீர்' என்றும், ஆழ்துளைக் கிணற்று நீரை 'உப்புத் தண்ணீர்' என்றும் ஜனங்கள் பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் நாக்கு உப்பை அறியுமேயன்றிப் புளோரைடை அறியாது. காய்ச்சினாலும் அது போகாது. நொய்யலில் சாயக் கழிவு ஓடியபோது அதன் நிறம் எல்லோர் கண்ணிலும் பட்டது. விவசாயிகள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். 2011-ல் சென்னை ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. புளோரைடுக்கோ நிறமுமில்லை, ருசியுமில்லை. கண்ணுக்குத் தெரியாத கேட்டுக்கு வழக்காடுவோர் யார்? சோதனைக் கணக்கு ஒன்றே அதற்குச் சாட்சி.

ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமப் பெண்களுக்கு நீரைச் சோதிக்கும் பயிற்சியும் கருவிப் பெட்டியும் அளிக்கப்படுகின்றன. அச்சோதனையின் முடிவு காகிதத்தோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு கிணற்றருகிலும், வெளி மாநிலத் தொழிலாளர் தங்கும் விடுதிகளின் வாசலிலும் அந்த அளவை எழுதி வைக்க வேண்டும். 2024-ல் தொடங்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தால் குளங்கள் நிரம்ப நிரம்ப நிலத்தடி நீரின் தன்மையும் மாறக்கூடும். ஆகையால் ஒரு முறை சோதித்தால் போதாது.

நீரில் புளோரைடு குறைவாயுள்ள இடங்களில், அதைக் கொண்ட பற்பசையால் தினம் இருமுறை துலக்குவதே ஏழைக்கு எட்டும் காவல். பற்பசையில் புளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேற்படலாகாதென்றும், அதன் அளவை ட்யூபின் மேல் அச்சிட வேண்டுமென்றும் நமது சட்டம் கூறுகிறது. வாங்குவோர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். நீரில் புளோரைடு மிகுந்த ஊர்களில் முதலில் மாற்ற வேண்டியது குடிநீரையே.

தன் வீட்டுக் குடத்து நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு. அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பைத் தொழிற்சங்கங்களும் கிராம சபைகளும் இன்றே ஏற்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.