கத்தி இல்லாத மர்மப்படம்

நுழையும்முன்

மர்மப்படம் என்றவுடன் கத்தியும் துப்பாக்கியும் குருதியும் நினைவிற்கு வருவது இயல்பு. ஆனால், ஓர் எழுத்துப்பிழை கூட மனிதரைப் பதைபதைக்கச் செய்யும். மாணவர்கள் தம் செயல்திட்டமாக மர்மக் குறும்படம் எடுப்பது தகுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பள்ளிகளில் செயல்திட்டமாகக் குறும்படம் எடுக்கும் வழக்கம் இன்று பரவி வருகிறது. கைப்பேசி ஒன்று இருந்தால் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் அதிலேயே முடித்துவிடலாம். எனவே, 'படம் எடுக்க இயலுமா?' என்னும் வினா பின்தங்கி, 'எத்தகைய படம் எடுக்கலாம்?' என்னும் வினா முன்னிற்கிறது. மாணவர் பலர் தயங்காமல் 'மர்மப்படம்' என்பர். பெரியவர்களோ தூய்மை, மரம் நடுதல், சாலைப் பாதுகாப்பு போன்ற பொருள்களைப் பரிந்துரைப்பர். அச்சமும் குற்றமும் பள்ளிக்கு ஆகாதவை என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், முறையாக எடுக்கப்படும் மர்மப்படம் மாணவருக்குச் சிந்தனைப் பயிற்சியும் மொழிப்பயிற்சியும் ஒருங்கே தரவல்லது.

அச்சமும் ஒரு சுவை

அச்சம் இலக்கியத்திற்குப் புறம்பானது அன்று. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. சிரிப்பிற்கும் மகிழ்ச்சிக்கும் அளித்த இடத்தை அச்சத்திற்கும் அந்நூல் அளித்துள்ளது. அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கனையும் அது சுட்டுகிறது. தம் இறை என்பது தம்மை ஆளும் அரசனைக் குறிக்கும். இந்நான்கும் தீங்கு வந்துவிடுமோ என்னும் எதிர்பார்ப்பால் நெஞ்சை நடுங்கச் செய்பவை. நிகழ்ந்து முடிந்த தீங்கைவிட, நிகழக்கூடிய தீங்கே அச்சத்தின் உறைவிடம். மர்மக்கதையின் உயிரும் அதுவே.

காட்டுவதும் மறைப்பதும்

இந்த உண்மையைத் திரைக்கலையில் தெளிவாக விளக்கியவர் ஆங்கில இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1962-ஆம் ஆண்டு பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் அவர் ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். இருவர் மேசையருகே அமர்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசையின் அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாது. குண்டு திடீரென வெடித்தால், பார்வையாளர் அடைவது 15 விநாடி அதிர்ச்சி. மாறாக, குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், சுவர்க்கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டும்போது அதே வெற்றுப்பேச்சு தாங்கவொண்ணாததாகிவிடும். அப்போது பார்வையாளர் அடைவது 15 நிமிடப் பதைபதைப்பு. குண்டும் மேசையும் மாறவில்லை. எவருக்கு எது எப்போது தெரியும் என்பது மட்டுமே மாறியுள்ளது.

காட்டாமல் விடுவதன் வலிமைக்கு 1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' சான்று பகரும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அப்படத்திற்காக உருவாக்கப்பட்ட எந்திரச் சுறா, கடல்நீரில் அடிக்கடி பழுதுபட்டது. வேறு வழியின்றி, நீரைக் கிழிக்கும் துடுப்பையும் மிதக்கும் பீப்பாய்களையும் ஜான் வில்லியம்ஸின் இசையையும் கொண்டே சுறாவின் வருகையை உணர்த்தினர். பார்வையாளர் தாம் காணாத சுறாவிற்கு அஞ்சினர். கருவி குறைந்த இடத்தில் கற்பனை அவ்வேலையைச் செய்தது. பணமும் கருவியும் இல்லாத மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

ஓர் எழுத்து செய்த குழப்பம்

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நான்கு மாணவர்கள் ஐந்து நிமிடப் படம் எடுக்கின்றனர் எனக் கொள்க. கதை எளியது. பள்ளியிலிருந்து திரும்பும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, கதவின் அடியில் ஒரு சாவியையும் மடித்த தாள் ஒன்றையும் காண்கிறாள். தாளில் எழுதியவர் பெயர் இல்லை. 'ஞாயிறு வரை பூனையைப் பார்த்துக் கொல்லவும்' என்னும் ஒரே தொடர் மட்டும் உள்ளது. உடன் வந்த தோழி தமிழ் அறியாதவள். என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் வினவுகிறாள். சிறுமி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இறுதிச் சொல்லில் அவள் குரல் தாழ்கிறது. மேல்மாடியில், பூட்டிய கதவிற்குப் பின்னால் பூனை ஒன்று கத்துகிறது.

உண்மையில் நடந்தது இதுதான். மேல்மாடித் தமிழ்க் குடும்பத்தினர் ஊருக்குச் செல்லும் அவசரத்தில், பூனையைப் பார்த்துக்கொள்ளுமாறு எழுதி வைத்துச் சென்றனர். தந்தை சொல்லச் சொல்ல எழுதியவள் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். 'ள' வரவேண்டிய இடத்தில் அவள் 'ல' எழுதிவிட்டாள். காப்பாற்றச் சொன்ன தொடர் கொல்லச் சொல்லும் தொடராகிவிட்டது.

இவ்வுண்மையை எப்போது வெளியிடுவது என்பதே மாணவர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல். இறுதியில் வெளியிட்டால் கதை ஒரு விடுகதையாகும். பார்வையாளர் வியந்து சிரிப்பர். முதற்காட்சியிலேயே அச்சிறுமி தவறாக எழுதுவதையும், பூனையின் நீர்க்கிண்ணம் பாதி காலியாக இருப்பதையும் காட்டிவிட்டால் கதையின் இயல்பே மாறும். கீழ்வீட்டுச் சிறுமி அஞ்சி, சாவியைத் தொடவும் தயங்குகிறாள். அவள் தயங்கும் ஒவ்வொரு நொடியும் கிண்ணத்தில் நீர் குறைந்துகொண்டே இருக்கிறது. உண்மை அறிந்த பார்வையாளர், 'அது கொல் அன்று, கொள்!' என்று திரையை நோக்கிக் கூவத் துடிப்பர். ஹிட்ச்காக் கூறிய மேசையடிக் குண்டு இங்கே ஓர் எழுத்தாகக் கிடக்கிறது.

இப்படத்திற்குத் துப்பாக்கி வேண்டா. பூனையைத் துன்புறுத்தவும் வேண்டா. கிண்ணம், சாவி, தாள், படிக்கட்டு, பூட்டிய கதவு ஆகியன போதும். ஒலிக்கு மட்டும் மிகுந்த கவனம் தேவை. குளிர்பதனப் பெட்டியின் முனகல் திடீரென நிற்பதும், அண்டை வீட்டுக் குக்கரின் விசில் ஒலியும், எவர்சில்வர் தம்ளர் உருளும் ஓசையும் இசையைவிட மிகுதியாக அச்சமூட்டும். பிறர் இசையை உரிமையின்றி எடுத்தாளும் தேவையும் அதனால் நீங்கும்.

முடிச்சு அவிழும் காட்சியில் சிறுமி, தமிழகத்தில் உள்ள பாட்டியைக் கைப்பேசியில் அழைத்துத் தாளைப் படித்துக் காட்டுகிறாள். பாட்டி சற்றுப் பொறுத்து, "எந்த 'ல' கண்ணு எழுதியிருக்கு? சின்ன 'ல'வா, குண்டு 'ள'வா?" என்று கேட்கிறார். சிறுமி தாளை மீண்டும் பார்க்கிறாள். மறுகணம் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடுகிறாள். காட்சி அத்துடன் முடியலாம்.

மொழியே திறவுகோல்

தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டிற்குள் பேசும் மொழியாக நின்றுவிடுகிறது. கேட்டால் புரியும், எழுத்தைக் கண்டால் தயக்கம் வரும். மேற்கண்ட கதையிலோ எழுத்தறிவே கதையின் திறவுகோல். சுற்றியிருப்போர் எவருக்கும் விளங்காத தாள் ஒன்றைப் படிக்கவல்லவள் அச்சிறுமி மட்டுமே. அவள் தமிழை எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் பிழைக்கும். மயங்கொலிச் சொற்களைப் பத்துமுறை எழுதிப் பழகுவதால் வாராத தெளிவு, அவற்றை வைத்து ஒரு கதை புனையும்போது வந்துவிடலாம்.

தாய்மொழியில் படம் எடுத்தால் பிற மாநிலத்தார்க்குப் புரியாது என்னும் தயக்கமும் தேவையற்றது. புனேயில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் பயின்ற சிதானந்த நாயக், மராத்தி வழங்கும் அந்நகரில் இருந்துகொண்டே கன்னட நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கன்னடத்திலேயே குறும்படமாக்கினார். மூதாட்டி ஒருத்தி சேவலைத் திருட, ஊரில் பொழுது விடியாமலே போகிறது என்பது கதை. 16 நிமிடம் ஓடும் அப்படம், 2024-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் மாணவர் படங்களுக்கான பிரிவில் முதற்பரிசு வென்றது.

தமிழிலும் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. பாடல்கள் இன்றித் திரைப்படம் இல்லை என்றிருந்த 1954-இல், எஸ். பாலசந்தர் பாடலும் நடனமும் அறவே இல்லாத 'அந்த நாள்' என்னும் மர்மப்படத்தை இயக்கினார். கொலையுண்டவனைப் பற்றி ஒவ்வொருவரும் கூறுவது ஒவ்வொரு விதமாக இருக்க, உண்மை எது எனத் தேடும் வேலையைப் பார்வையாளரிடமே அப்படம் ஒப்படைத்தது.

பெரியோர் கருத்தின் நியாயம்

பெரியவர்களின் தயக்கத்தைப் புறந்தள்ளுதல் ஆகாது. பொம்மைத் துப்பாக்கியைப் பொதுவிடத்தில் நீட்டினால், காண்போர் அதை உண்மை என்றே எண்ணுவர். மொட்டைமாடிச் சுவரின்மீது ஏறுவதும் ரயில் பாதையில் நடப்பதும் உயிருக்கு உலை வைப்பவை. ஐந்து நிமிடப் படத்திற்காக எவரும் அடிபடக்கூடாது. இவற்றைத் தடுப்பது ஆசிரியரின் கடமை. தாமே தவிர்ப்பது மாணவரின் கடமை.

இவற்றினும் நுட்பமான தீங்கு ஒன்றும் உண்டு. 'ஐயத்திற்குரியவர் யார்?' என்று கேட்டவுடன், காவலாளி, வீட்டுவேலை செய்பவர், வேற்றுமொழி பேசுபவர் என்றே பல கதைகள் விரல் நீட்டுகின்றன. மொழி தெரியாத ஊருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள், தம்மை ஐயத்தோடு நோக்கிய கண்களை மறந்திரா. அக்குடும்பத்துப் பிள்ளைகள் அதே பார்வையைப் பிறர்மீது திருப்புதல் அறமாகாது. எவரையும் தீயவராக்காமலே அச்சத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு மேற்கண்ட பூனைக் கதையே போதுமானது.

விழிப்புணர்வுப் படங்களும் வேண்டியவையே. ஆனால், அவற்றுட் பல, அனைவரும் அறிந்த விடையை மீண்டும் ஒப்பிப்பதோடு நின்றுவிடுகின்றன. மர்மப்படம் எடுப்பவரோ ஒவ்வொரு காட்சியிலும், 'பார்ப்பவர் இப்போது என்ன எண்ணுவார்?' என்று வினவியாக வேண்டும். பிறர் மனத்தில் நின்று சிந்திக்கும் அப்பழக்கம் படத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆகவே, பள்ளிகள் மர்மப்படத்தை விலக்க வேண்டியதில்லை. கத்தியை வெளியே வைத்துவிட்டுக் கதையுடன் உள்ளே வருமாறு மாணவரைப் பணித்தால் போதும்.

கற்பவை கற்றபின்

1. அதிர்ச்சிக்கும் பதைபதைப்பிற்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையின்வழி விளக்குக.
2. 'ஜாஸ்' படப்பிடிப்பில் நேர்ந்த தடை எவ்வாறு நன்மையாக மாறிற்று?
3. பூனைக் கதையின் உண்மையைத் தொடக்கத்தில் வெளியிடுவது சிறந்ததா, இறுதியில் வெளியிடுவது சிறந்ததா? நும் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. வலி – வழி – வளி, அலை – அழை – அளை ஆகிய சொற்களுள் ஒரு தொகுதியைத் தேர்ந்து, எழுத்து மாறியதால் குழப்பம் நேரும் கதை ஒன்றைப் பத்து வரிகளில் படைக்க.