நான்கு பக்கமும் சமமானால் போதுமா?

நான்கு பக்கங்களும் சமமாயின் அது சதுரமே என்று பிள்ளைகள் ஒப்பிக்கும்போது, பெற்றோராகிய நாமும் தலையசைத்து விடுகிறோம். அது முழு உண்மையன்று.

ஒரே நீளமுள்ள நான்கு மூங்கில் குச்சிகளை மூலைகளில் நூலால் கட்டிப் பிள்ளையின் கையில் கொடுப்போம். ஒரு மூலையைச் சற்றே அழுத்தினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். பக்கங்கள் மாறவில்லை, கோணங்களே மாறின. அவற்றின் கூட்டுத்தொகை அப்போதும் 360 பாகைதான். பரப்பளவோ சுருங்குகிறது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 100 சதுர செ.மீ.; ஒரு கோணம் 30 பாகையாகும்போது அது 50 ஆகிவிடும். மூலைக்கு மூலை குறுக்கே இன்னொரு குச்சியைக் கட்டினால் உருவம் அசையாது. பலகைக் கதவின் பின்புறம் சாய்வாக ஒரு சட்டம் அறைவது இதற்காகவே.

வீடு கட்டுவோர்க்கு இது விளையாட்டன்று. 16 அடிக்கு 12 அடி அறைக்குக் கயிறு கட்டும்போது எதிர்ப்பக்கங்கள் சமமா என்று பார்த்தால் மட்டும் போதாது; மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் 20 அடியாயின் மூலைகள் செங்கோணமாக உள்ளன. ஒன்று இருபதரை அடியாயின் மற்றது பத்தொன்பதரைக்கும் சற்றுக் குறையும், அறை கோணல். கடன்பட்டு எழுப்பிய சுவரைத் தளக்கல் பதிக்கும் நாளில் யார் இடிப்பது?

திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்தில் வானதூதர் புதிய எருசலேமைப் பொற்கோலால் அளக்கிறார். நகரம் சதுரமானது என்றும், நீளமும் அகலமும் சமம் என்றும் அங்கே இரண்டுமே கூறப்பட்டுள்ளன. பின்னது மட்டும் இருந்திருந்தால், குச்சிகளை அழுத்திப் பார்த்த பிள்ளை நம்மைக் கேள்வி கேட்டு மடக்கியிருக்கும்!