சின்ன ஓட்டை, நின்றன 14 தொழிற்சாலைகள்!

ஜப்பான் நாட்டின் பெரிய கார் கம்பெனி டொயோட்டா. 2022-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, ஜப்பானில் உள்ள அதன் 14 தொழிற்சாலைகளும் நின்றுவிட்டன. மின்சாரம் இருந்தது. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்யவில்லை. பிறகு ஏன் நின்றன?

உள்ளே புகுந்த திருடர்கள்

டொயோட்டாவுக்குப் பல கம்பெனிகள் உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கின்றன. அவற்றில் ஒன்று கோஜிமா. காருக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் பாகங்களைச் செய்யும் கம்பெனி அது.

பிப்ரவரி 26-ந் தேதி இரவு அதன் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. சோதித்துப் பார்த்தால், திருடர்களின் வேலை! கம்ப்யூட்டரில் இருந்த விவரங்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, மிரட்டல் செய்தியும் விட்டிருந்தார்கள்.

எப்படிப் புகுந்தார்கள்? கோஜிமாவின் துணைக் கம்பெனி ஒன்று, வெளியாருடன் தொடர்பு கொள்ள ஒரு கருவி வைத்திருந்தது. அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்!

தீங்கு பரவாமல் இருக்க, கோஜிமா தன் கம்ப்யூட்டர் தொடர்புகளைத் துண்டித்தது. டொயோட்டாவோ பாகங்களை மலைபோல் குவித்து வைப்பதில்லை. வேண்டிய நேரத்துக்கு வரவழைத்துக்கொள்ளும். ஆகவே எல்லாம் நின்றது. மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஒரே நாளில் சுமார் 13 ஆயிரம் கார்களின் உற்பத்தி தடைப்பட்டது.

நம் நாட்டிலும்...

2024-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் இந்தியாவிலும் இப்படி நடந்தது. சிறு வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி தாக்கப்பட்டது. பணம் போய்வரும் பொது அமைப்பிலிருந்து அந்தக் கம்பெனி தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டது. சுமார் 300 சிறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். கணக்கு ஒரு வங்கியில். கோளாறு வேறு ஓர் இடத்தில்!

அளப்பது எப்படி?

இந்த ஆபத்தை அளக்க இரண்டு கேள்விகள் உண்டு. திருடன் புகுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? புகுந்தால் எவ்வளவு நஷ்டம்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள், தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடம் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்குகின்றன. "எல்லாம் சரி" என்று எழுதித் தருவது எளிது. பூட்டை இழுத்துப் பார்ப்பவர் வேண்டாமா? எனவே நேரில் சோதனை அவசியம்.

பெரிய தொகைக்குச் சரக்குத் தருபவரை மட்டும் சோதிப்பதும் தவறு. "இவர் ஒரு நாள் நின்றால் நம்முடைய வேலை எவ்வளவு நிற்கும்?" என்பதே சரியான அளவுகோல். அப்படி அளந்தால், சின்னக் கம்பெனிகள் சில பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும்.

செலவு யாருடையது?

அளந்தால் மட்டும் போதாது. கணக்குகளுக்கு நகல் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். ஒருவர் நின்றால் கைகொடுக்க இன்னொருவர் வேண்டும். ஓட்டை தெரிந்தவுடன் அடைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். சின்னக் கம்பெனிக்கு லாபமே சொற்பம். விலையை அடித்துப் பேசும் பெரிய கம்பெனி, "பூட்டையும் நீயே வாங்கு" என்றால் எப்படி?

இந்திய ரிசர்வ் வங்கி 2023-ம் ஆண்டில் இதற்கு விதி வகுத்தது. கம்ப்யூட்டர் வேலையை வெளியாரிடம் கொடுக்கலாம்; ஆனால் பொறுப்பு வங்கியுடையதே என்று அந்த விதி சொல்கிறது.

வேலையைக் கை மாற்றலாம். பொறுப்பைக் கை மாற்ற முடியாது!